முந்தி அடித்த துக்கமணி

புர்கியின் தொண்டைக்கு ஆண்டவர் மூடி வைக்க மறந்துவிட்டார் என்பது ஆஸ்திரியாவில் ஏரிக்கரை ஊரான எங்கள் ஆல்ட்ஸீயில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். பாறை மேல் இருக்கும் எங்கள் கோயிலுக்குள் நின்று அவள் பேச ஆரம்பித்தால், கீழே படகுத்துறையில் கயிறு கட்டிக்கொண்டிருப்பவனுக்கும் பீடத்தின் வரலாறு தெரிந்துவிடும். முழுப் பெயர் வால்புர்கா. அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் ஒருவர்தான். அதுவும் ஒரே தடவை.

அவள் புருஷன் ஹூபெர்ட் மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருந்தான். அவன் செத்துப்போன பிறகு சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டவள்தான், இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. அவளிடம் யாரும் கொடுக்கவும் இல்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. பூ மாற்றுவது, படியில் பனி தள்ளுவது, மெழுகுவத்தி வைப்பது எல்லாம் அவள்தான். சாமியார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவார். மற்ற ஆறு நாளும் கோயில் புர்கியின் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்துக்குள் வெளியூர்க்காரர்கள் நுழைந்தால் முதலில் அர்ச்சனைதான். "தம்பி, தொப்பியைக் கழட்டு. தலையில என்ன குருவியா கூடு கட்டியிருக்கு?" "ஏம்மா, அந்த ஒயினை வெளியில நின்னு குடிச்சு முடிச்சிட்டு வாங்க. மாதா பாத்துக்கிட்டிருக்காங்க." அர்ச்சனை முடிந்ததும் கதை. மரத்தில் செதுக்கிய பழைய பீடம், அதன் இரண்டு கதவுகள், வெளிச்சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபரின் படம் என்று அவள் சொல்லச் சொல்ல, திட்டு வாங்கியவர்களே வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் புர்கியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருமை வழியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை துக்கமணி. மற்ற மணிகளுக்கெல்லாம் மின்சாரம் வந்துவிட்டது. துக்கமணிக்கு மட்டும் இன்னும் கயிறுதான். செத்தது ஆண் என்றால் மூன்று முறை விட்டு விட்டு அடிக்க வேண்டும், பெண் என்றால் இரண்டு முறை. மணி கேட்டதும் ஊர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எண்ணும். ஏரியில் இருப்பவன் படகிலேயே எழுந்து நின்று தொப்பியைக் கழட்டுவான்.

சாவு வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து சொன்ன பிறகுதான் கயிற்றில் கை வைக்க வேண்டும். அதுதான் முறை. ஹூபெர்ட் அப்படித்தான் செய்தான். புர்கிக்கு அவ்வளவு பொறுமை ஏது? எங்கள் ஊரில் மூச்சு நின்ற அடுத்த நிமிஷம் அந்த அறையின் ஜன்னலை அகலத் திறந்துவிடுவார்கள், ஆவி வெளியே போக. உறைபனிக் காலத்தில் வேறு எதற்காகவும் எவனும் ஜன்னலைத் திறக்கமாட்டான். விறகு என்ன சும்மாவா வருகிறது? கோயில் முற்றத்திலிருந்து பார்த்தால் பாதி ஊரின் ஜன்னல்கள் தெரியும். சாவு வீட்டு ஆள் மூச்சிரைக்கப் பாறை ஏறி வருவதற்குள் புர்கி மணி அடித்து முடித்திருப்பாள். "இவளுக்கு எப்படித்தான் தெரியுதோ!" என்று ஊர் வியந்தது. அந்த வியப்பு அவளுக்குத் தேனாக இனித்தது. அங்கேதான் கெட்டது.

இப்போது எகிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எகிட் மீன்காரன். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டித்தான் அவன் வீடு. மாடி அறை ஜன்னல் கோயில் வாசலைப் பார்த்திருக்கும். வாலிபத்தில் புர்கியைப் பெண் கேட்டு வந்தான். அவள் வேண்டாம் என்றாள், ஹூபெர்ட்டைக் கட்டிக்கொண்டாள். எகிட் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஒரு "காலை வணக்கம்" மட்டும் மிச்சம். போன இலையுதிர்காலத்தில் அவன் நெஞ்சு பலவீனமாகிப் படுத்துவிட்டான். பார்த்துக்கொள்ள ஸ்லோவாக்கியாவிலிருந்து போஜெனா என்ற பெண் வந்து வீட்டோடு தங்கினாள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலத்தைப் பூசிவிட்டுப் போனார். ஊர் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அந்த வாரம் வியன்னாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. புர்கி அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தாள். பீடத்தைக் காட்டி, கிறிஸ்டோபரைக் காட்டி, கடைசியில் மணிக்கயிற்றடியில் வந்து நின்று ஆணுக்கு மூன்று பெண்ணுக்கு இரண்டு என்று விளக்கினாள். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கேட்டாள்.

"ஒரே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்களேன்."

"அதுக்கு ஒரு ஆள் சாகணுமேம்மா. நீங்க தயாரா?"

கூட்டம் சிரித்தது. புர்கியும் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள். எதிரே எகிட்டின் மாடி ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது. திரை வெளியே பறந்துகொண்டிருந்தது.

அவள் நெஞ்சில் முதலில் வந்தது துக்கம் இல்லை. அதைத்தான் பிறகு அவளால் தாங்கவே முடியவில்லை. முதலில் வந்தது, "அட, சரியான நேரம்!" என்ற நினைப்பு.

"எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்க," என்றாள். "எங்க ஊர்ல ஒருத்தன் இப்பத்தான் போயிருக்கான்."

கயிற்றைப் பிடித்தாள். ஒரு முறை, விட்டு இன்னொரு முறை, விட்டு மூன்றாவது. கூட்டம் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தது. கோயிலுக்குள் போனைக் கண்டாலே பிடுங்க வருகிறவள், அன்று கண்டும் காணாத மாதிரி இருந்தாள். கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றாள் என்று வையுங்கள்.

வெளியே வந்து கல்லறைச் சுவரோரம் நின்றதும் சிவப்புத் தொப்பி அம்மாள் மெதுவாகக் கேட்டாள், "யாரும்மா அவரு?"

கேட்டது மெதுவாகத்தான். பதிலோ மூடியில்லாத தொண்டையிலிருந்து வந்தது.

"எகிட்னு பேரு. மீன்காரன். ஏரியில இருக்கிற மீனுக்கெல்லாம் இன்னிக்குக் கொண்டாட்டம்! சின்ன வயசுல என்னைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னான், தெரியுமா? ஒரு கையில பூ, இன்னொரு கையில புகை போட்ட மீன். நான் சொன்னேன், 'எகிட், பூவை மட்டும் வச்சிட்டுப் போ. உன்னைக் கட்டிக்கிட்டா ஆயுசு பூரா மூக்கைப் பிடிச்சிக்கிட்டுல்ல தூங்கணும்'னு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாவு வீட்டு வாசலில் சிரிக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சிரிப்பைக் கேட்டதும் புர்கிக்கு இன்னும் வேகம் வந்தது.

"பக்தியும் அந்த லட்சணம்தான். பூசையில நன்மை அப்பம் வாங்குறதுக்கு முந்தி ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதில்ல? இவன் ஒரு ஞாயித்துக்கிழமை அப்படி இருந்திருப்பான்கிறீங்க? காணிக்கைப் பையை நீட்டிக்கிட்டுப் பக்கத்துல போனா கப்புனு காப்பி வாசனை! காப்பிக்கடையே எந்திரிச்சு வந்து பெஞ்சுல உக்காந்த மாதிரி. ஒரு தடவை எல்லார் முன்னாடியும் கேட்டே போட்டேன், 'ஏன்டா, ஆண்டவரை வாங்க வர்றியா, காலைப் பலகாரத்துக்கு வர்றியா'ன்னு. இளிச்சுக்கிட்டே போயிட்டான். இப்ப மேல போய் என்ன பதில் சொல்லப்போறானோ!"

மேலே ஜன்னலில் போஜெனாவின் தலை தெரிந்தது. கையில் சூப்புக் கரண்டி.

"புர்கியம்மா, செத்தது யாரு? கேட்டுட்டு வரச் சொல்றாரு. ஆம்பளைன்னு மட்டும் மணியில தெரிஞ்சுதாம்."

கூட்டத்தில் ஓர் இளவட்டம் மூக்கால் சிரித்து, பக்கத்தில் இருந்தவளிடம் இடி வாங்கினான். அதற்குள் ரொட்டிக்கடை லோனி கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு படியேறி வந்துவிட்டாள்.

"போயிட்டானா புண்ணியவான்? கஷ்டப்படாம போனானா?" என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டாள்.

உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இருமல். லோனி மெழுகுவத்தியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், புர்கியைப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள்.

புர்கி பீடத்தை ஒட்டிய சக்கிறிஸ்து அறைக்குள் ஓடிப் பூசை உடுப்புகள் தொங்கும் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உயிரோடு இருப்பவனுக்குத் துக்கமணி அடித்தது ஒரு பக்கம். அதையாவது அவசரம் என்று சொல்லலாம். அவன் காது கேட்க அவனை வைத்துச் சிரிப்புக் காட்டியதை என்னவென்று சொல்வது? வெளியே சிவப்புத் தொப்பி அம்மாள் கதவைத் தட்டி, "பரவாயில்லம்மா, தெரியாமத்தானே நடந்துச்சு," என்றாள். அந்த ஆறுதல் அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது. அவர்கள் போய்ப் படகு கிளம்பும் சத்தம் கேட்கும் வரை புர்கி வெளியே வரவில்லை.

ஊர் சும்மா விடுமா? விடாது. எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா! ரொட்டி வாங்கப் போனால் லோனி, "எனக்கு லேசா ஜலதோஷம்டி புர்கி. அவசரப்பட்டுடாதே," என்றாள். பஸ் ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்திக் கேட்டான், "வீட்டுல அடுப்புப் புகையுது, ஜன்னலைத் திறக்கணும். உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?" முன்பு என்றால் புர்கி பதிலுக்கு அவன் பரம்பரையையே இழுத்துப் போட்டிருப்பாள். இப்போது ரொட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நடந்தாள்.

கோயிலில் பேச்சை நிறுத்திவிட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று வாசலில் எழுதி மாட்டினாள். தொப்பியோடு வந்தவன் தொப்பியோடே சுற்றினான். ஒருத்தி பீடத்துப் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள். புர்கி பார்த்துக்கொண்டு மெழுகைச் சுரண்டினாள்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. எகிட் எந்த நேரமும் நிஜமாகவே போய்விடுவான். அதற்குள் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தக் கயிற்றை அடுத்த தடவை எந்தக் கையால் பிடிப்பது? ஒருநாள் அக்ரூட் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு எகிட் வீட்டு வாசல் வரை போனாள். மேலே அவன் இருமினான். அன்று சிரித்த கூட்டத்தின் சத்தமும் மறுபடி காதில் கேட்ட மாதிரி இருந்தது. அப்படியே திரும்பி வந்து, சமையலறையில் நின்றபடியே பாதிக் கேக்கைத் தின்றாள். மீதியைப் பறவைகளுக்குப் போட்டாள். "தூ, நீயெல்லாம் ஒரு மனுஷி," என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் போஜெனாவே கோயிலுக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா பேசவே மாட்டேங்கறீங்க? தினம் என் உயிரை எடுக்குறாரு, 'அவளுக்கு என்ன ஆச்சு, போய்ப் பாரு'ன்னு."

"தொண்டை கட்டியிருக்கு."

"தொண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சொல்றதைக் கேளுங்க. படுத்ததுலேருந்து அவரு உங்க பேச்சைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு. நீங்க ஆரம்பிச்சதும் தலையணையை ஜன்னல் பக்கம் நகத்தச் சொல்வாரு. 'பூசைக்குத்தான் போக முடியலை, இதையாவது கேக்குறேன்'னு சொல்வாரு. அன்னிக்குக் கொஞ்சம் தெம்பா இருந்தாரு. 'நல்லாத் திற போஜெனா, பீடத்துக்கு வந்துட்டா'ன்னாரு. இந்தக் குளிர்ல முடியாதுன்னு நான் சண்டையே போட்டேன்."

அந்த ஜன்னல் திறந்தது அவளுக்காகவா!

"எங்க ஊர்லயும் சாவுக்கு ஜன்னல் திறப்பாங்க," என்றாள் போஜெனா. "ஆனா மணி அடிக்கிறதுக்கு முந்தி யாராவது ஒரு வார்த்தை கேப்பாங்க."

அதற்குப் பிறகும் போகாமல் இருக்க முடியுமா? ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் புர்கி அவள் பின்னாலேயே போனாள்.

எகிட் தலையணைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆள் கரைந்து போயிருந்தான். கண்ணில் மட்டும் குறும்பு குறையவில்லை.

"வா புர்கி. சவத்தைப் பாக்க வந்தியா?"

புர்கி கட்டிலருகே போய் நின்றாள்.

"முதல் ரெண்டும் நல்லா அடிச்ச," என்றான். "மூணாவதுல அவசரம். எனக்கே அவ்வளவு அவசரம் இல்லை."

"எகிட்... நான் வெளியில நின்னு பேசினது..."

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"புகை போட்ட மீன்லேருந்து காப்பிக்கடை வரைக்கும்."

அவள் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். எகிட் கொஞ்ச நேரம் இருமி, மூச்சு வாங்கி, பிறகு பேசினான்.

"மீன் வாடை உண்மைதான், அதை நான் இல்லேங்கலை. ஆனா காப்பி குடிச்சதில்லை, புர்கி. நன்மைக்கு முந்தி ஒரு நாளும் குடிச்சதில்லை."

"பின்ன அந்த வாசனை?"

"மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத் தூங்கணும்னு நீ சொன்னியே, அன்னிக்குச் சாயங்காலம் எங்கம்மா சொன்னா, காப்பிச் சக்கையைப் போட்டுத் தேய்ச்சாத்தான் மீன் வாடை போகும்னு. அதுலேருந்து ஞாயித்துக்கிழமையானா கை ரெண்டையும் முழங்கை வரைக்கும் தேய்ச்சிட்டுத்தான் கோயிலுக்கு வருவேன். நீ பையை நீட்டிக்கிட்டு வருவ. உன் மூக்குக்கு வாடை வரக் கூடாதுன்னுதான்."

புர்கி ஏப்ரனை இறக்கினாள். அழுகையில் முகம் சிவந்து கிடந்தது.

"எல்லார் முன்னாடியும் கேட்டேனே! அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? ஹூபெர்ட் உன் பக்கத்துலதான் நின்னான். உன் பொண்டாட்டிக்காகக் கை தேய்ச்சேன்னு அவன் முகத்தைப் பாத்துச் சொல்லவா? உனக்குத்தான் கெட்ட பேரு. அதான் சிரிச்சிட்டுப் போயிட்டேன்."

இளித்துக்கொண்டு போனான் என்று இத்தனை காலமும் ஊரெல்லாம் சொல்லி வைத்தாளே, அந்தச் சிரிப்பு அதுதான்.

எகிட் போர்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். வலை இழுத்துத் தடித்த விரல்கள், இப்போது தோல் தொங்கிப் போயிருந்தன.

"இப்ப வருதா?"

அவள் குனிந்து முகர்ந்தாள். போஜெனா துடைத்துவிட்ட சோப்பு வாசனை மட்டும் இருந்தது.

"ஒண்ணும் வரலை."

"அப்பாடா," என்றான்.

"என்னை மன்னிச்சிடு எகிட்."

"மன்னிக்கிறது கிடக்கட்டும். நாளைக்குப் பேசு. சத்தமாப் பேசு. அந்தக் கிறிஸ்டோபர் கதையில எப்பவும் ஓடுற, கொஞ்சம் நிதானமாச் சொல்லு. ஆத்தைக் கடக்குறவனுக்கு மூச்சு வாங்க நேரம் குடு."

மறுநாள் வாசலில் மாட்டியதைக் கழட்டினாள். கூட்டம் வந்தது, பேசினாள். பேசும்போது ஜன்னல் பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கிறிஸ்டோபரிடம் வந்ததும் நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். நிதானமாகச் சொன்னாள். தினமும் சாயங்காலம் மாடியேறிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன், "இன்னிக்குப் பரவாயில்லை," என்பான். அவ்வளவுதான் பேச்சு.

ஏரியின் ஓரத்துப் பனி உடைய ஆரம்பித்த ஒரு முற்பகல், எகிட்டின் ஜன்னல் விரியத் திறந்தது. புர்கி முற்றத்தில்தான் நின்றிருந்தாள். பார்த்தாள். கயிறு வாசலுக்கு உள்ளே, நாலடி தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்லறை வழியாக நடந்து, அந்த மாடிப்படியில் ஏறினாள்.

போஜெனா கட்டிலருகே நின்று தலையை அசைத்தாள். புர்கி அப்போதும் நம்பவில்லை. அவன் மூக்கின் முன்னால் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு கைகளையும் எடுத்து நெஞ்சின் மேல் சேர்த்து வைத்து, ஜெபமாலையைச் சுற்றிவிட்டாள். அவசரமே படாமல் கீழே இறங்கி வந்தாள்.

மூன்று முறை, விட்டு விட்டு அடித்தாள். மூன்றாவதை முதல் இரண்டைவிடவும் மெதுவாக அடித்தாள்.

கீழேயிருந்து லோனி கத்தினாள், "போஜெனா! நிஜமாவா, இல்ல மறுபடியும் காத்து வாங்குறீங்களா?"

கோயில் வாசலில் வெளியூர்த் தம்பதி ஒன்று தயங்கிக்கொண்டு நின்றது. அந்தப் பையன் தானாகவே தொப்பியைக் கழட்டியிருந்தான்.

"யாரும்மா இறந்தது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எகிட்," என்றாள் புர்கி. "மீன் பிடிக்கிறவரு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வந்தவர்களுக்கு அதுவே போதும். அவளுக்குத்தான் போதவில்லை. இந்தத் தடவை பேசும்போது, திறந்து கிடந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படகுத்துறை வரைக்கும், லோனி கடை வரைக்கும், ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நன்மைக்கு முந்தி அவரு காப்பி குடிச்சதில்லை. ஒரு நாளும் குடிச்சதில்லை!"

அந்தத் தம்பதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.